சோமனூர்ல உக்காந்துட்டு வாசிங்டன் மியூசியம் பாத்தேனுங்க: சர்ச்சபிள் மியூசியம், ஒரு பஞ்சுக்காரனோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிப்போடறனுங்க, இது கோயமுத்தூர்ல புதுசா தெறந்த மியூசியத்தப் பத்தின ரிவ்யூ இல்ல. வாசிங்டன்ல ஸ்மித்சோனியன்காரங்க (அமெரிக்காவுல பொது மியூசியங்கள நடத்தற அமைப்பு) நடத்தற கருப்பின மக்கள் வரலாற்று மியூசியம் ஒண்ணு இருக்குது, 2016 செப்டம்பர் 24ஆம் தேதி ஒபாமா தெறந்து வெச்சது, அங்க நேர்ல போக முடியாதவங்களுக்காக 2021 நவம்பர்ல இணையத்துல ஒரு மியூசியம் தெறந்தாங்க, பேரு சர்ச்சபிள் மியூசியம். டிக்கெட் கெடையாது, ஓடிபி கெடையாது, போன் நம்பர் குடு மெயில் குடுன்னு நச்சரிப்பும் கெடையாது. போனோமா பாத்தோமான்னு இருக்கலாம். அஞ்சுக்கு நாலு மார்க் போடறேன், அந்த ஒரு மார்க்க ஏன் புடிச்சு வெச்சேன்னு பின்னாடி சொல்றேன்.

நம்ம தொழில் பஞ்சுங்க. ஜின்னிங்ல, அதாவது பருத்தியிலருந்து கொட்டை எடுக்கற வேலையில ஆரம்பிச்சு, பஞ்சுப் பேல் ஏவாரம் பாத்து இப்ப கூலிக்குத் தறி ஓட்டறோம். அதனால நான் இத பாத்த விதம் ஒரு காலேஜ் புரபசர் பாக்கற மாதிரி இருக்காது, பஞ்சுக்காரன் பாக்கற மாதிரிதான் இருக்கும், அத மனசுல வெச்சுட்டுப் படிங்க. என்ற பொண்ணுதான் லேப்டாப்புல போட்டுக் குடுத்தா, "ஏனுங்ப்பா, இது பூரா உங்க சப்ஜெக்டு, பஞ்சு பஞ்சுன்னே வருது பாருங்"ன்னா. நானும் அமெரிக்காக்காரன் எதோ பெருமையடிச்சு வெச்சிருப்பான்னு நெனச்சுட்டுதான் உக்காந்தேன், அன்னிக்கு ராத்திரி பாவு புனைக்கற ஆளு வந்து கதவத் தட்டற வரைக்கும் எந்திரிக்கல.

அடிமைத்தனமும் விடுதலையும்ங்கற பகுதியிலதான் மொதல்ல போகணும், இந்த இணைய மியூசியத்த அவங்க ஆரம்பிச்சதே அந்தப் பகுதிய வெச்சுதான். அதுல ஒரு மரக்குடிசை வருதுங்க. தெக்கு கரோலினா மாநிலத்துல எடிஸ்டோ தீவுன்னு ஒரு எடம், அங்க பாயிண்ட் ஆஃப் பைன்ஸ்னு ஒரு பண்ணை, அந்தப் பண்ணையில 1850கள்ல அடிமைங்க குடியிருந்த குடிசை அது. நம்ம தோட்டத்து சாளை அளவுதான் இருக்கும், பலகை பலகையா பிரிச்சுக் கொண்டுவந்து மியூசியத்துக்குள்ள திரும்ப நட்டு வெச்சிருக்காங்க. இணையத்துல அத முப்பரிமாணத்துல சுத்திப் பாக்கலாம், மவுஸப் புடிச்சு இழுத்தா பலகை சந்து வரைக்கும் தெரியுது. நான் நின்ன எடம் எதுன்னா, அந்த எடிஸ்டோ தீவுல என்ன வெள்ளாமை பண்ணுனாங்கன்னு பாத்தேன், சீ ஐலண்ட் பருத்திங்க! நீளமான இழை, பட்டாட்ட இருக்கும், உலகத்துலயே ஒசந்த பருத்தின்னு ஏவாரிங்க பேச்சுல வரும் பாருங்க, அதே பருத்தி. அத வெளைய வெச்சவங்க குடியிருந்த வீடு இதுன்னு தெரிஞ்சதுக்கப்பறம் ஸ்க்ரோல் பண்ற கை தன்னால நின்னுபோச்சு.

நம்ம பஞ்சுக்காரங்களுக்கு மட்டும் ஒரு சேதி. சுவின்னு ஒரு பருத்தி இருக்குதே, இந்தியாவுலயே நீளமான இழை, அது நம்ம கோயமுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்துல 1974ல வெளியிட்ட ரகம். சுஜாதாங்கற ரகத்தையும் செயிண்ட் வின்சென்ட் தீவுலருந்து வந்த சீ ஐலண்ட் பருத்தியையும் ஒட்டுச் சேத்து எடுத்தது. அதாவது அந்தக் குடிசைக்காரங்க கையில வெளஞ்ச பருத்திக்கு ஒறம்பரை நம்ம ஊர்லயே இருக்குது. எம்சியூன்னு நாம சொல்ற ரகங்க கூட மெட்ராஸ், கம்போடியா, உகாண்டான்னு மூணு ஊரு சேந்ததுதான், அந்த கம்போடியா பருத்தியோட பூர்வீகமும் அமெரிக்கப் பக்கம்தான். மியூசியத்துல இதெல்லாம் இல்லைங்க, நான் சேத்துச் சொல்றேன்.

அடுத்தது ஜின் மெசின் கதை. எலி விட்னிங்கற ஆளு 1794ல பேட்டண்ட் வாங்குன மெசினு. அதுக்கு முன்னாடி ஒரு ஆளு நாளெல்லாம் உக்காந்து கொட்டை எடுத்தா ஒரு பவுண்டு பஞ்சு தேறும்பாங்க, மெசின் வந்ததும் அம்பது பவுண்டு வரைக்கும் போச்சு. ஜின்னிங்ல நின்னவனுக்கு இதுல ஒரு சந்தோசம் வரும் பாருங்க, ஆஹா ஆளு கஷ்டம் கொறஞ்சுதேன்னு. அங்கதான் இந்த மியூசியம் நம்மள உக்காத்தி வெச்சுப் பாடம் எடுக்குது. கொட்டை எடுக்கறது சுலபமானதும் பருத்தி போடற நெலம் பெருகிப்போச்சு, நெலம் பெருகுனதும் எடுக்கறதுக்கு ஆளு வேணும், அந்த ஆளுங்க அடிமைங்க. 1790ல அமெரிக்காவுல சுமார் ஏழு லட்சம் அடிமைங்க இருந்தாங்க, 1860 கணக்குல பாத்தா 39 லட்சத்தையும் தாண்டிப் போச்சு. மேல இருக்கற மாநிலங்கள்லருந்து கீழ பருத்தி வெளையற மாநிலங்களுக்கு சுமாரா பத்து லட்சம் பேர வித்து ஓட்டிட்டுப் போயிருக்காங்க, குடும்பம் குடும்பமா பிரிச்சு. சாயங்காலமானா அவங்கவங்க எடுத்த பருத்திய தராசுல போடுவாங்க, எடை கொறஞ்சா சாட்டை.

நம்ம பக்கமும் பருத்தி எடுக்கற பொம்பளைங்களுக்கு கிலோக் கணக்குலதான் கூலி, தோட்டத்து வரப்புல தராசு வெச்சு எடை போடறத சின்ன வயசுலருந்து பாத்தவன் நான். அதுவும் இதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல, சொன்னா அது அநியாயம். சாயங்காலம் வீட்டுக்குப் போறவங்க வேற, வீடு புள்ளை ஒடம்பு எதுவுமே தன்னுதில்லன்னு இருந்தவங்க வேற. ஆனா தராசப் பாத்ததும் எனக்கு அந்த வரப்புதான் ஞாபகம் வந்துச்சு, அத மறைக்கல.

1861லருந்து 65 வரைக்கும் அங்க உள்நாட்டுப் போர் நடந்தப்ப இங்கிலாந்துல லங்காஷயர் மில்லுங்களுக்கு அமெரிக்கப் பஞ்சு வராம போயி இந்தியப் பஞ்சுக்கு வெலை எக்கச்சக்கமா ஏறுச்சு, போர் முடிஞ்சதும் தொபுக்குன்னு விழுந்துச்சு. அந்த நேரத்துலதான், 1862ல, மெட்ராஸ்லருந்து போத்தனூர் வழியா ரயிலு மேக்கால கடல் வரைக்கும் போயி சேந்துச்சு. நம்ம பஞ்சுத் தொழில் பத்திப் பேசறவங்க 1888ல ஸ்டேன்ஸ் மில்லு வந்துச்சு, 1932ல நீலகிரி பைக்காராவுலருந்து தண்ணிக் கரண்டு வந்துச்சு, கரிசல் மண்ணு, காத்து ஈரப்பதம்னு அடுக்குவாங்க, எல்லாம் சரிதான், ஆனா அந்தப் பக்கம் வயல்ல நின்னவங்க விடுதலையாகறதுக்கு நடந்த சண்டையில நம்ம பக்கம் வெலை ஏறி எறங்குச்சுங்கறத நான் எந்த மில்லு ஆண்டு விழா மலர்லயும் படிச்சதில்ல.

சரி, ரிவ்யூவுக்கு வரேன்.

இந்த மியூசியத்தோட உண்மையான பலம் என்னன்னு கேட்டீங்கன்னா, கட்டடம் இல்ல, டெக்னாலஜியும் இல்ல, பொருள் சேத்த விதம். 2003ல சட்டம் போட்டு மியூசியம் கட்டலாம்னு முடிவாச்சு, 2005ல லோனி பன்ச்னு ஒருத்தர டைரக்டரா போட்டாங்க, அப்ப அவருகிட்ட கட்டடமும் இல்ல, உள்ள வெக்கறதுக்கு ஒரு பொருளும் இல்ல. மத்த மியூசியம்னா ராஜா வீட்டுச் சாமான், பணக்காரன் கலெக்சன்னு வரும். இவங்களுக்கு யாரு குடுப்பா? ஊர் ஊரா போனாங்க. 2008ல சிகாகோவுல ஆரம்பிச்சு, உங்க வீட்டுப் பொட்டியில பாட்டி வெச்ச சாமான் எதாச்சும் இருந்தா எடுத்துட்டு வாங்க, அது என்னன்னு நாங்க பாத்துச் சொல்றோம், கெடாம எப்புடி வெச்சுக்கறதுன்னும் சொல்லித்தரோம்னாங்க. பொருளக் குடுன்னு கேக்கல பாருங்க, பத்திரமா வெச்சுக்கோன்னாங்க, அதுக்கப்பறம் ஜனங்களே கொண்டாந்து குடுத்தாங்க. ஹாரியட் டப்மன்னு ஒரு அம்மா, அடிமையா இருந்து தப்பிச்சு, திரும்பத் திரும்ப ஆபத்தான எடத்துக்கே போயி மத்தவங்களையும் கூட்டியாந்தவங்க, அவங்களுக்கு விக்டோரியா மகாராணி அனுப்புன சால்வை இருக்குது. பழைய பொருள் சேக்கற ஒருத்தர் கைக்கு அந்தம்மாவோட ஒறம்பரை வழியா வந்தது, அவரு 2010ல மியூசியத்துக்குக் குடுத்துட்டாரு. லண்டன் அரமணையிலருந்து கெளம்புன சால்வை மியூசியத்துக்கு வந்து சேந்த வழிய பாருங்க, யாரு யாரோ வீட்டுப் பொட்டிக்குள்ள இருந்துதான் வந்திருக்குது.

அழுகாச்சி வந்த எடம் ஒண்ணு இருக்குது. ஒரு பழைய பஞ்சுத்துணிப் பை. தானியமோ மாவோ போட்டு வெச்ச சாதாரணப் பை, கொஞ்ச வருசம் இந்த வாசிங்டன் மியூசியத்துல இரவல் வாங்கி வெச்சிருந்தாங்க. தெக்கு கரோலினாவுல ரோஸ்னு ஒரு அடிமைத் தாய், அவளோட ஒம்பது வயசுப் பொண்ணு ஆஷ்லிய வித்துட்டாங்க, பொண்ண ஓட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அம்மா கையில கெடச்ச பையில ஒரு கிழிஞ்ச கவுன், மூணு கை நெறைய பீக்கன் கொட்டை, தன்னோட தலைமுடியிலருந்து ஒரு பின்னல் இத்தனையும் போட்டுக் குடுத்து விட்டிருக்கா. அதுக்கப்பறம் அம்மாவும் பொண்ணும் பாத்துக்கவே இல்ல. இந்தக் கதைய ஆஷ்லியோட பேத்தி ரூத் மிடில்டன் 1921ல அந்தப் பையிலயே நூல்ல எழுத்தா தச்சு வெச்சிருக்கா. அந்தப் பை 2007ல டென்னசி மாநிலத்துல எங்கியோ பழைய சாமான் சந்தையில ஒரு அம்மா கண்ணுல பட்டு இன்னிக்கு உலகம் பூராத் தெரியுது. துணியிலயே பொழைக்கறவங்க நாம, ஆயிரம் மீட்டர் கணக்குல காடாத் துணி நெய்ஞ்சு அனுப்பறோம், ஒரு முழத் துணி இவ்வளவு சுமக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. என்ற வீட்டம்மா சேல தலப்புல கண்ணத் தொடச்சுட்டு, "அந்தக் கொட்டைய அந்தப் புள்ள தின்னிருக்குமா, எடுத்து வெச்சிருக்குமா"ன்னா. யாருக்குத் தெரியும்.

கப்பல் பகுதியும் பாருங்க, 1794ல தென்னாப்பிரிக்காப் பக்கம் முழுகுன சாவ் ஜோசேங்கற போர்ச்சுகீசு கப்பல்லருந்து எடுத்த இரும்புக் கட்டிங்க இருக்குது. நானூறு பேருக்கு மேல மொசாம்பிக்லருந்து பிரேசிலுக்கு ஏத்திட்டுப் போயிருக்கான், அதுல பாதிக்குப் பாதி செத்துட்டாங்க. அந்த இரும்பு எதுக்குன்னா, மத்த சரக்கு மாதிரி மனுசங்க கனமில்லையாம், கப்பல் சாயாம இருக்க அடியில இரும்பு அடுக்கணுமாம். லாரியில லோடு ஏத்தறவனுக்கு இந்தக் கணக்கு டக்குன்னு புரியும், புரிஞ்சதுக்கப்பறம் சோறு எறங்காது. அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஜெபர்சன் செலை ஒண்ணு, எல்லா மனுசனும் சமம்னு 1776ல எழுதுன அதே ஆளு, அவரு பின்னால செங்கல்லா அடுக்கி ஒவ்வொரு செங்கல்லுலயும் அவரு வெச்சிருந்த அடிமைங்க பேரு, அறுநூறுக்கும் மேல. ஒரு வார்த்தை திட்டல, பேர மட்டும் எழுதி வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல ஒரு பெரிய மனுசன் செலைக்குப் பின்னால இப்புடி ஒரு செவுரு கட்ட வுடுவாங்களா? அன்னிக்கே பஸ்ஸ நிறுத்திருவாங்க.

எல்லாமே சோகம்னு நெனச்சு ஓடிராதீங்க, அது இந்த மியூசியத்தோட பாதிதான். பெரிய மியூசியத்துல கீழ்தளத்துலருந்து மேல ஏற ஏற பாட்டு, ஆட்டம், வெளையாட்டு, சமையல்னு வரும், ராக் அண்ட் ரோல் பாட்டுக்காரர் சக் பெர்ரியோட செகப்பு கேடிலாக் காரு 1973 மாடலு நிக்குது, நம்ம பசங்களுக்கு அதுபோதும். கொண்டாட்டமும் வரலாறுதான்னு அவங்க தெளிவா இருக்காங்க. நம்ம பக்கம் வரலாறுன்னா ஒண்ணு ராஜா சண்டை இல்லாட்டி ஒப்பாரி, நடுவுல தப்பட்டை அடிச்சு ஊரையே ஆட வெச்சவங்க பேர யாரு எழுதி வெச்சிருக்கா?

அடுத்தது இதே ஸ்மித்சோனியனோட இன்னொரு சேவை, டிரான்ஸ்கிரிப்சன் சென்டர், 2013லருந்து இருக்குது, இத நான் காலேஜ் புள்ளைங்களுக்குக் கட்டாயம் சொல்லுவேன். என்ன விசயம்னா, 1870க்கு முன்னாடி எடுத்த ஜனத்தொகைக் கணக்குல அடிமைங்களுக்குப் பேரே எழுதல, 1850லயும் 1860லயும் மொதலாளி பேரு போட்டு அவனுக்குக் கீழ வயசு, ஆணா பொண்ணா, நெறம், அவ்வளவுதான், ஆட்டுப்பட்டி கணக்காட்டம். அதனால இன்னிக்கு அங்க ஒருத்தரு தன்னோட பாட்டன் பூட்டனத் தேடுனா 1870ல போயி செவுத்துல முட்டிக்கற மாதிரி நின்னுபோவுது. அந்தச் செவுத்துல ஓட்டை போடறதுக்கு இருக்கற ஒரு வழி, போர் முடியறப்ப 1865ல ஆரம்பிச்சு 1872 வரைக்கும் இருந்த விடுதலையானவங்களுக்கான அரசு ஆபீஸோட காயிதங்க. கூலி ஒப்பந்தம், ரேசன் பட்டியல், கல்யாணப் பதிவு, பள்ளிக்கூடக் கணக்குன்னு லட்சக்கணக்குல கையெழுத்துக் காயிதம். கம்ப்யூட்டருக்கு அந்தக் கையெழுத்து சரியா புரியறதில்ல, அதனால உலகத்துல எங்கிருந்தாலும் யாரு வேணும்னாலும் படத்தப் பாத்து டைப் பண்ணிக் குடுக்கலாம், நீங்க பண்ணுனத இன்னொருத்தர் சரிபாப்பாரு.

இதுல நம்ம புள்ளைங்களுக்கு ஒரு அனுகூலம் இருக்குதுங்க. நாலு கோடு நோட்டுல வாத்தியார்கிட்ட அடி வாங்கி கூட்டெழுத்து பழகுனது நாமதான், அங்க இப்பத்த பசங்க பாதிப் பேருக்கு அது படிக்கவே வராதாம். என்ற பொண்ணு ஒரு கூலி ஒப்பந்தம் டைப் பண்ணுனா, பருத்தியில பங்கு எவ்வளவு, சோளம் எவ்வளவு, நோவுல படுத்தா கூலி புடிக்கற கணக்கு என்னன்னு எல்லாம் எழுதியிருந்துச்சு, கீழ பேருக்குப் பக்கத்துல கையெழுத்துக்குப் பதிலா பெருக்கல் குறி. நம்ம பக்கம் பண்ணயத்துக்கு ஆளு வெச்ச வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு அந்தப் பெருக்கல் குறி கூட கெடையாதேன்னு நெனச்சுட்டே பாத்துட்டிருந்தேன்.

இப்ப அந்த ஒரு மார்க்கு. எல்லாமே இங்கிலீசு, அதுவும் கொஞ்சம் கெட்டி இங்கிலீசு. பிரவுசர்ல இருக்கற மொழிபெயர்ப்பப் போட்டா தமிழ் மாதிரி ஒண்ணு வருது, அதப் படிக்கறதுக்கு இங்கிலீசே தேவல. எழுத்தும் ரொம்ப ஜாஸ்தி, ஒரு படத்துக்குக் கீழ ஒரு பத்தி போதும்னு இருக்கறப்ப கிளிக் பண்ணப் பண்ண உள்ள போயிட்டே இருக்கும், கெணத்துல எறங்குனா மாதிரி எந்தப் படியில இருந்தோம்னு மறந்துரும். போன்ல பாக்காதீங்க, குடிசைய சுத்திப் பாக்கறதெல்லாம் பெரிய ஸ்க்ரீன்லதான் நல்லாருக்கும், டேட்டாவும் நல்லா இழுக்கும். அப்பறம் பஞ்சு கதைய இங்கிலாந்துல இருக்கற லிவர்பூல் துறைமுகம் வரைக்கும் கொண்டுவந்து விட்டர்றாங்க, நான் பாத்த வரைக்கும் நம்ம பக்கம் என்னாச்சுன்னு வரல, ஆனா அது அவங்க கதை, நம்மத நாமதான எழுதணும், அதுக்கு மார்க் கொறைக்கறது நாயமில்ல.

பிப்ரவரி மாசம் பாத்தீங்கன்னா இன்னும் நல்லது, அங்க கருப்பின வரலாற்று மாதம். கார்ட்டர் வுட்சன்னு ஒருத்தரு, அப்பா அம்மா ரெண்டு பேருமே அடிமையா இருந்தவங்க, இவரு நெலக்கரிச் சொரங்கத்துல வேலை செஞ்சு அப்பறம் படிச்சு 1912ல ஹார்வர்டுல டாக்டர் பட்டம் வாங்குனாரு. அவரு 1926 பிப்ரவரியில ஒரு வாரம்னு ஆரம்பிச்சது, 1976லருந்து மாசமாச்சு. 2026ல நூறு வருசம். லிங்கன் பொறந்த நாளு, அடிமையா இருந்து தப்பிச்சு அடிமைத்தனத்த எதுத்துப் பேசுன பிரடெரிக் டக்ளஸ் பொறந்த நாள்னு கொண்டாடற நாள் ரெண்டும் அந்த மாசத்துல வருதுன்னு பாத்துத்தான் அத எடுத்திருக்காரு.

அந்தச் சாக்குல நாங்களும் எங்க ஊர் நூலகத்துல ஞாயித்துக்கெழம மத்தியானம் புரொஜெக்டர் வெச்சு ஓட்டுனோம். பெரிய கூட்டமெல்லாம் இல்ல. தறி நிறுத்துன நேரம் பாத்து வந்த நாலஞ்சு பேரு, ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு, பள்ளிக்கூடப் புள்ளைங்க, முறுக்கு டீ இருக்குதுன்னு வந்தவங்க கொஞ்சம். மில்லுல ரீலிங் டிபார்ட்மெண்டுல காலம் பூரா வேலை செஞ்ச ஒரு அக்கா வந்திருந்தாங்க. அந்தத் துணிப்பை ஸ்க்ரீன்ல வந்தப்ப அவங்க ஒண்ணுமே பேசல, ஆனா அமெரிக்காவுல கிரீன்ஸ்பரோங்கற ஊரு ஓட்டல் ஸ்டூல் வந்தப்ப, அதான் 1960 பிப்ரவரி 1ஆம் தேதி நாலு காலேஜ் பசங்க வெள்ளைக்காரங்க மட்டும் உக்கார்ற எடத்துல உக்காந்து காபி கேட்டு, தரமாட்டேன்னு சொல்லியும் எந்திரிக்காம இருந்தாங்களே, அந்தக் கதைய வாத்தியார் தமிழ்ல சொன்னப்ப, அந்தக்கா சட்டுன்னு, "எங்களுக்கு டீக்கடையில உக்கார்ற எடமே இல்லைங்க, டம்ளரே தனி, குடிச்சுட்டு நாங்களே கழுவி கவுத்து வெக்கணும்"னாங்க. நூலகத்துல ஒரு சத்தம் இல்ல. அப்பறம் பின்னாடி இருந்து ஒருத்தரு, இப்பல்லாம் அப்புடி இல்லையேன்னாரு. அந்தக்கா அவரத் திரும்பிப் பாத்தாங்க, பதில் சொல்லல.

அந்த டம்ளரு எங்க போச்சுங்க? எந்த மியூசியத்துல இருக்குது? கோயமுத்தூர்ல காஸ் வன மியூசியம் இருக்குது, 1902லருந்து, காட்டெருமைத் தலை பாக்கலாம். காருக்கு ஒண்ணு இருக்குது, அருமையா வெச்சிருக்காங்க, நானே ஒறம்பரைங்க வந்தா கூட்டிட்டுப் போவேன். ஈரோட்டுல வ.உ.சி. பூங்காவுல அரசு மியூசியம், நடுகல்லு செப்பேடுன்னு இருக்குது. கொடுமணல்ல தோண்டி எடுத்த பாசிமணிக்கு ரெண்டாயிரம் வருசத்துக்கும் மேல கணக்கு இருக்குது. ஆனா பண்ணையத்துல இருந்தவங்க, தோல் வேலை செஞ்சவங்க, கெணறு வெட்டுனவங்க, ஸ்பின்னிங்ல பஞ்சுத் தூசி தின்னவங்க இவங்களுக்கெல்லாம் ஒரு ரூம்? சின்னியம்பாளையத்துல நாலு மில் தொழிலாளிங்க, 1946 ஜனவரி 8ஆம் தேதி கோயமுத்தூர் ஜெயில்ல தூக்குல போட்டாங்களே, அவங்க நெனவு நாளு வருசா வருசம் நடக்குது, நல்லது, ஆனா அவங்க உடுத்துன துணி, தின்ன தட்டு, எழுதுன காயிதம்னு உக்காந்து பாக்கற மாதிரி ஒரு எடம் நான் பாத்ததில்ல. மூணு வருசம் மில்லு ஹாஸ்டல்ல இருந்தா கல்யாணத்துக்குப் பணம்னு சுமங்கலி திட்டத்துல வந்த தெக்கத்திப் புள்ளைங்களோட தகரப் பொட்டி ஒண்ணு எங்கியாச்சும் இருக்குதா?

டம்ளர யாரு குடுப்பாங்கன்னு வாத்தியார் கேட்டாரு. அதுதான் கேள்வியே. வெச்சிருந்தவங்க வீட்டு அட்டாலிலதான் அது கெடக்கும், குடிச்சவங்க வீட்டுல இருக்காது. வெச்சிருந்தவன் எடுத்துக் குடுக்கணும்னா நெஞ்சு வேணும். எங்கூட்டு அட்டாலில இருந்தா குடுப்பனான்னு கேட்டா, பேரு போடாம குடுப்பேன்னுதான் இப்போதைக்கு வாயில வருது. ஜெபர்சன் செலை பின்னால செங்கல் அடுக்குன ஊர்லயும் அந்த வேலை ஒரு நாள்ல நடக்கலைங்க, அது மட்டும் ஒரு ஆறுதல்.

பணம் எங்க, கட்டடம் எங்கன்னு கேக்கறவங்களுக்காக மூணு பழைய கதை. சிகாகோவுல 1961ல மார்கரெட் பரோஸ்னு ஒரு டீச்சரம்மாவும் வீட்டுக்காரரும் சொந்த வீட்டுலயே மியூசியம் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு டுசேபிள்ங்கற பேர்ல பெருசா நிக்குது. டெட்ராய்ட்ல 1965ல சார்லஸ் ரைட்டுன்னு பிரசவம் பாக்கற டாக்டரு ஆரம்பிச்சாரு, இப்ப அவரு பேர்லயே மியூசியம். எனக்கு எல்லாத்தையும் விட புடிச்சது வாசிங்டன்லயே அனகோஸ்டியாங்கற பகுதியில 1967ல தெறந்தது. பழைய சினிமாக் கொட்டகைங்க அது! கார்வர் தியேட்டர்னு ஓடாம கெடந்தத எடுத்து மியூசியமாக்கி, ஜான் கினார்டுன்னு ஒரு இளவட்டத்த டைரக்டரா போட்டாங்க. அவரு என்ன பண்ணுனாருன்னா, 1969ல எலியப் பத்தி ஒரு கண்காட்சி வெச்சாரு. ராஜா ராணி இல்ல, எலி. ஏன்னா அந்தப் பகுதி ஜனங்க வீட்டுல எலித்தொல்லை தாங்கல, புள்ளைங்க வந்து அதத்தான் சொல்லுச்சுங்க. உசுரோட எலிய வெச்சே காட்டி, எலி ஏன் வருது, குப்பை ஏன் அள்ளறதில்ல, யாரு கேக்கணும்னு ஊரையே பேச வெச்சாரு. மியூசியம்னா கண்ணாடிப் பொட்டின்னு நெனச்சவங்களுக்கு நல்ல அடி அது. நம்ம பக்கம் மூடிக் கெடக்கற தியேட்டருக்குப் பஞ்சமா? அத்தனையும் கல்யாண மண்டபமாத்தான் ஆகோணுமா?

பொருள் சேக்கறதுக்கு எதாச்சும் தொடங்கலாமான்னு வாத்தியாரும் அந்த ரீலிங் அக்காவும் பேசிட்டிருக்காங்க, மொதல்ல போட்டோ புடிச்சு வெக்கலாம், பொருள அவங்கவங்க வீட்டுலயே வெச்சுக்கட்டும்னு அந்தக்கா சொல்லுது. வாசிங்டன் மியூசியக்காரங்க 2008ல சிகாகோவுல ஆரம்பிச்ச வழியும் அதேதான்னு நான் சொன்னேன், அதுக்கு அந்தக்கா, "அவிங்க எங்கள பாத்துப் பண்ணியிருப்பாங்க போங்க"ன்னு சிரிச்சாங்க. அதுக்குள்ள ஒரு வீட்டுல இருந்து பழைய மில்லு அடையாள அட்டை வந்திருக்குது, போட்டோவுல மூஞ்சி அழிஞ்சுபோச்சு, நம்பர் மட்டும் தெரியுது. அந்த நம்பர்க்காரம்மாவோட பேரு வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியும்ங்கறதால பின்னாடி பென்சில்ல எழுதி வெச்சாச்சு.

பாக்கப் போறவங்களுக்கு: மொதல் நாளு குடிசை, ஜின், உள்நாட்டு அடிமை ஏவாரம் இந்த மூணு மட்டும் பாருங்க, எல்லாத்தையும் ஒரே மூச்சுல பாத்தா தல சுத்தும். பத்தாவதுக்கு மேல படிக்கற புள்ளைங்கள பக்கத்துல உக்கார வெச்சுட்டுப் பாருங்க, சின்னப் பசங்களுக்கு பாட்டு, காரு, வெளையாட்டுப் பக்கம் போதும். டிரான்ஸ்கிரிப்சன் சென்டர்ல சேர்றதா இருந்தா ஆரம்பத்துல கல்யாணப் பதிவு, ரேசன் பட்டியல் மாதிரி சின்ன பக்கமா எடுங்க, கூலி ஒப்பந்தம் நீளம், கையெழுத்தும் மோசமா இருக்கும். ஸ்மித்சோனியன்காரங்க 2020ல இருந்து லட்சக்கணக்குல படங்கள யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு விட்டிருக்காங்க, அதனால பள்ளிக்கூடத்துல சார்ட்டு ஒட்டறதுக்கு பிரிண்ட் எடுக்கணும்னா அந்த அனுமதி போட்டிருக்கற படமான்னு மட்டும் பாத்துட்டு எடுங்க, எல்லாப் படத்துக்கும் அது கெடையாது. சோமனூர் பக்கம் இருக்கறவங்க யாராச்சும் இத தமிழ்ல சுருக்கி எழுதறதா இருந்தா கமெண்டுல சொல்லுங்க, பஞ்சு சம்பந்தப்பட்ட பகுதி என்ற பொறுப்பு.